ஈரத்துண்டில் சுற்றிய பேக்

குன்றை முதுகுக்குப் பின்னால் விட்டு மண்பாதையில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு தோளில் கேமரா பெட்டி, இன்னொரு தோளில் முக்காலி, கையில் சிவப்பு ஈரத்துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். படம் எடுக்க என்னை அழைத்து வந்த டீச்சர் தன் ஸ்கூட்டியில் எனக்கு முன்னாலேயே செஞ்சிக்குக் கிளம்பிவிட்டார். பெட்டியையும் முக்காலியையும் என்னையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு அந்த வண்டி அந்தப் பாதையில் போகாது. அதனால் கூட்டுரோடு வரை எனக்கு நடை, அங்கிருந்து பஸ். மூன்று நாளாக இதுதான் ஏற்பாடு. முதல் இரண்டு நாளும் வானம் மூடிக்கிடந்து ஒன்றும் எடுக்க முடியாமல் இதே பாதையில் திரும்பி நடந்தேன். மூன்றாம் நாள் படம் எடுத்தாயிற்று. அது அந்தப் பொட்டலத்துக்குள் இருந்தது.

பொட்டலத்தில் இருந்ததுதான் பேக். ஃபிலிம் போட்டு எடுத்த காலத்துப் பெரிய கேமராவின் பின்புறத்தில் ஃபிலிம் பெட்டியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மாட்டுகிற டிஜிட்டல் கருவி. செங்கல்லில் பாதி அளவு, கனமும் கிட்டத்தட்ட அவ்வளவு. கேமராவின் பின்பக்கம் என்பதால் அந்தப் பெயர். தோளில் மாட்டுகிற பேக்கையும் இந்தப் பேக்கையும் ஆங்கிலத்தில் வேறுவேறாக உச்சரிக்க வேண்டுமாம். எட்டாவதோடு நின்ற என் வாயில் இரண்டும் ஒன்றுதான்.

சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் விளக்குத் தூக்குகிற வேலையில் இருந்தபோது அது என்னிடம் வந்தது. புடவைக்கடை விளம்பரப் பலகைகளுக்குப் படம் எடுக்கிற இடம். முதலாளி புதுக் கேமராக்கள் வாங்கிய பிறகு இது ஒரு வருடம் பீரோவில் கிடந்தது. செய்த கம்பெனியே அந்த வகையை நிறுத்திவிட்டதால் விலைக்குக் கேட்க ஆள் இல்லை. "எடுத்துகிட்டுப் போய்யா, எடத்த அடைக்குது" என்றார். எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நான் லாரியில் கிளீனராகப் போனேன், திருப்பூரில் ஓட்டல் வேலை பார்த்தேன், செங்கல் சூளையில் இருந்தேன். எல்லா இடத்துக்கும் பெட்டி கூடவே வந்தது. படுக்க இடம் கிடைக்காத ஊர்களில் அதன்மேல் தலைவைத்துப் படுத்தேன்.

அதை வைத்துப் பிழைப்பது எளிதல்ல. பேட்டரி இப்போது எங்கும் கிடையாது. டிரில்லிங் மெஷின் பேட்டரி சரிசெய்கிறவரிடம் கொடுத்து உள்ளே வேறு செல் வைத்து ஒட்டி வாங்கியது ஒன்றே ஒன்று, இருபது படம் தாங்கும். அது எழுதுகிற ஃபைலை ஒரு பழைய லேப்டாப் மட்டும்தான் திறக்கும். அந்த லேப்டாப்பை இன்டர்நெட்டில் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு இதை மறந்துவிடும். கல்யாணத்துக்கு ஆகாது, குழந்தைக்கு ஆகாது. ஒரு படம் எடுத்தால் அடுத்ததற்குப் பெருமூச்சு விட்டுத்தான் தயாராகும். அசையாத பொருளுக்கு மட்டும் ஏற்றது. அசையாத பொருளை அது பார்க்கிற மாதிரி வேறு எதுவும் பார்த்து நான் கண்டதில்லை. புடவையின் இழையை எண்ணலாம்.

டீச்சருக்கு வேண்டியிருந்தது ஒரு எழுத்து. திண்டிவனம் பக்கத்தில் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்கிறவர். மேல்மலையனூர் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்தக் குன்றில், ஒரு பாறையில் பழைய வட்டெழுத்தில் மூன்று வரி இருக்கிறது. கடைசிச் சொல் "பள்ளி" என்கிறார் டீச்சர். அப்படியானால் அங்கே ஜைன முனிவர்கள் தங்கிய இடம் இருந்தது என்று ஆகிறது. அவருடைய பேராசிரியர் அது "வள்ளி", யாரோ ஒரு பெண்ணின் பெயர் என்கிறார். வட்டெழுத்தில் பகரத்துக்கும் வகரத்துக்கும் நடுவில் ஒரு சின்னச் சுழிதான் வித்தியாசமாம்; சுழி இருந்தால் வ, இல்லாவிட்டால் ப. டீச்சர் போனில் நூறு படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பெரிதாக்கினால் எல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து போயிற்று. "அந்த எழுத்து நிக்கலேன்னா உன் மூணாவது அத்தியாயமே நிக்காது, பாத்துக்கோம்மா" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் வாங்கியாயிற்று. இனி ஒரு நாள்கூடக் கிடையாது. மறுநாள் அவர் முன்னால் உட்கார வேண்டும்.

அந்தப் பாறையில் வெளிச்சம் சரியாக விழுவது காலையில் பத்து நிமிடம். இரண்டு பாறைகளுக்கு நடுவிலிருந்து வெயில் படுத்த வாக்கில் வந்து கல்லைத் தடவிக்கொண்டு போகும். அப்போது மட்டும் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். அதற்குமுன் வெறும் பாறை, அதற்குப்பின்னும் வெறும் பாறை. அன்றைக்கு ஆறரைக்கே முக்காலியை நிறுத்தி, அதன் காலுக்குக் கல் முட்டுக்கொடுத்து, படம் அதிராமல் இருக்கக் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியை மேலே தூக்கிப் பூட்டி வைத்துக் காத்திருந்தேன். வெயில் வந்ததும் டீச்சர் மூச்சுவிடுவதை நிறுத்திவிட்டார். "பாறைதான் டீச்சர், நீங்க மூச்சு விடலாம்" என்றேன். நான்கு படம். நான்காவதற்குப் பிறகு பேக் சூடேறி, அதன் விசிறி கரகரத்து, தானாக அணைந்துவிட்டது. பின்னால் இருக்கிற தீப்பெட்டி அளவுத் திரையில் வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. கிடைத்ததா இல்லையா என்று செஞ்சியில் டீச்சரின் சித்தி வீட்டில் வைத்திருந்த லேப்டாப்பில் பார்த்தால்தான் உண்டு. சூடாக இருக்கும்போது மெமரி கார்டை வெளியே எடுக்கக் கூடாது. உள்ளே ஊசி போன்ற கம்பிகள் வளைந்துவிடும். ஒருமுறை எடுத்துக் கெடுத்திருக்கிறேன்.

அதனால் பேக்கைத் தனியாகக் கழற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டி, மேலே ஈரத்துண்டைச் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். கறுப்புப் பெட்டிக்குள் வைத்தால் வெயிலில் வெந்துவிடும். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத வைத்தியம், ஆனால் இதுவரை கைவிட்டதில்லை.

கூட்டுரோட்டில் ஒரு டீக்கடை. நடத்துவது ஐம்பது வயதுள்ள ஒரு அக்கா. முதல் நாள் என் போனை அங்கே சார்ஜ் போட்டுவிட்டுப் போய், திரும்ப வாங்கும்போது அவர் நம்பரையும் வாங்கி வைத்திருந்தேன். மறுநாள் அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு முந்தின நாளே கிளம்பிய கூட்டம் கடையை மொய்த்திருந்தது. பொட்டலத்தைக் கிளாஸ் அடுக்கியிருந்த பலகையில் நிழலாகப் பார்த்து வைத்துவிட்டு டீயைக் கையில் வாங்கினேன். இரண்டு வாய்கூடக் குடிக்கவில்லை, செஞ்சி பஸ் வந்துவிட்டது. அடுத்தது எப்போது என்று தெரியாது. பெட்டியையும் முக்காலியையும் வாரிக்கொண்டு ஓடினேன்.

"யோவ், பீரங்கி எங்கய்யா எடுத்துகினு போற? கோட்டைக்கா?" என்று கண்டக்டர் முக்காலியைப் பார்த்துக் கேட்டான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பெட்டியைச் சரிசெய்யக் கீழே வைத்தபோதுதான் இன்னொரு கை காலியாக இருப்பது தெரிந்தது.

 முக்காலியைப் பெட்டிமேல் சாய்த்துவிட்டு டீக்கடை அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, என் பேக்க அங்க வுட்டுட்டேன். இருக்குதா பாருங்க."

"இன்னாது?"

"பேக்குக்கா."

"பேக்கா? தோள்ல மாட்டிகினு ஓடுனியே, பாத்தேனே."

"அது பொட்டி. இது வேற. செவப்பா இருக்கும்."

"இரு, இரு. ஆமா, பெஞ்சாண்ட ஒண்ணு கெடக்குது. செவப்புதான்."

"கனமா இருக்குதா?"

"கனமாத்தான் இருக்குது. இன்னாத்தப் போட்டு வச்சிருக்குற?"

"அதேதான்க்கா! தொறக்காதீங்க. அப்படியே அடுத்த பஸ்ல குடுத்துவுடுங்க."

"கண்டக்டராண்ட குடுக்கறேன். பஸ் ஸ்டாண்டுலயே நில்லு. நீ எங்கனா தொலஞ்சி போயிடாத."

அந்தப் பக்கத்தில் எல்லாமே பஸ்ஸில் கொடுத்துவிடுவதுதான். பூக்கூடை, மாத்திரை, டிராக்டர் பெல்ட், பிள்ளைக்குச் சாப்பாட்டுத் தூக்கு. இறங்குகிற இடத்தில் ஆள் நின்றால் போதும். நான் நின்றேன். நடுவில் டீச்சர் போன் செய்தார்.

"அண்ணா, வந்துட்டீங்களா? லேப்டாப்ப ஆன் பண்ணி வச்சிட்டேன். அது கண்ண முழிக்கவே அரை மணி நேரம் ஆவுது."

"பஸ்ஸுல கூட்டம் டீச்சர். வந்துகினே இருக்கறேன்."

பொய்தான். உண்மையைச் சொன்னால் அவர் அழுவார், அவர் அழுதால் பஸ் சீக்கிரம் வராது.

முக்கால் மணி நேரத்தில் பஸ் வந்தது. கண்டக்டர் படியில் நின்றபடி ஒரு பையை என் மார்பில் வீசினான். சிவப்புத்தான். கனம்தான். ஆனால் துணிப்பை. திறந்தால் ஒரு சிவப்புப் புடவை, ஒரு குழந்தையின் கவுன், குங்குமப் பொட்டலம், ஒரு படி மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, எலுமிச்சம்பழங்கள்.

"அக்கா, இது பேக் இல்லக்கா!"

"பேக்கு இல்லாம? பேக்கு கேட்ட, பேக்கு குடுத்தன்."

"நான் கேட்டது பேக்கு இல்லக்கா. பேக்கு!"

அந்தப் பக்கம் கிளாஸை ணங்கென்று வைக்கிற சத்தம் கேட்டது.

"யோவ், காலையிலேர்ந்து இன்னா வெளையாடுறியா? நீ பேக்கா, நான் பேக்கா? சொல்லு." கடையில் யாரோ வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. "இந்தப் பைக்குச் சொந்தக்காரம்மா இங்க குந்திகினு அங்காளம்மனையே எறக்கிகினு இருக்குது. மரியாதையா எடுத்துகினு வந்து சேரு."

போனை வைத்துவிட்டார். ஈரத்துண்டைப் பற்றிக் கேட்க மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. அடிக்க அடிக்க எடுக்கவில்லை. மேல்மலையனூர் சிறப்புப் பஸ் ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது, தொற்றினேன். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். பலகையில் இருந்ததை யாராவது எடுத்திருக்கலாம். கீழே தட்டி விட்டிருக்கலாம். கொதிக்கிற பாலை அதன்மேல் ஊற்றியிருக்கலாம். நான்கு படம். ஒரு சுழி. ஊர் ஊராகச் சுற்றியதில் நான் எத்தனையோ பொருளைத் தொலைத்திருக்கிறேன், எல்லாம் என்னுடையவை. இன்னொருத்தருடையதைத் தொலைத்தது அதுதான் முதல்தடவை.

பைக்குச் சொந்தக்காரி அனந்தபுரத்துக்காரி. நான் பையை நீட்டுவதற்குள் பிடுங்கிக்கொண்டாள். எல்லோரும் பார்க்க எலுமிச்சம்பழத்தை ஒவ்வொன்றாக மடியில் எடுத்து வைத்து எண்ணினாள். "ஒம்போது. சரியா இருக்குது" என்றாள். இருந்தும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

பலகையில் கிளாஸ்கள் மட்டும் இருந்தன.

"அக்கா, இங்க ஒரு ஈரத்துண்டு வச்சிருந்தனே, பொட்டலம்..."

"அதுவா? அது மருந்துதான?" என்றார் அக்கா. பாலை ஆற்றுகிற கை நிற்கவில்லை. "ஐஸ் பொட்டில வச்சிருக்குறன். எங்க வூட்டுக்காரருக்குச் சக்கர, ஊசி போட்டுக்குறாரு. கரண்ட் இல்லன்னா நானும் இப்டித்தான் ஈரத்துணில சுத்தி வைப்பன். பாத்ததும் தெரிஞ்சிபோச்சி. சூடாவப் போவுதுன்னு தூக்கி உள்ள வச்சன்."

ஐஸ் பெட்டியைத் திறந்தேன். பால் பாக்கெட்டுகளுக்கும் ரோஸ்மில்க் பாட்டில்களுக்கும் நடுவில், சுற்றிய துண்டு கலையாமல், குழந்தையைப் படுக்க வைத்த மாதிரி இருந்தது. தொட்டால் கை மரத்துப்போகிற குளிர்ச்சி. இரண்டு கையாலும் தூக்கி வெளியே எடுத்தேன்.

"மருந்துன்னு சொல்லியிருந்தா மொதல் பஸ்லயே குடுத்துவுட்டிருப்பன். பேக்காம் பேக்கு" என்றார் அக்கா.

உடனே திறக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஏசி ஸ்டூடியோவிலிருந்து கேமராவை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் கண்ணாடி வியர்க்கும். இதுவும் உள்ளுக்குள் வியர்க்கும். அக்காவிடம் ஒரு காய்ந்த துண்டு வாங்கி, பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமலே சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். வேலையில்லாமல் ஒருத்தன் கடையில் உட்கார்ந்திருப்பது அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"அதுல அப்டி இன்னாதான் இருக்குது?"

"ஒரு எழுத்துக்கா."

"ஒரு எழுத்தா?"

"பானாவா வானாவான்னு சண்ட. அதுக்குத்தான்."

அக்கா டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டிங்களா? பானாவா வானாவாம். அதுக்கு ரெண்டு தபா பஸ் ஏறுது இந்த ஆளு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வடை போடத் தெரியுமா?" என்றார். வடை போடுகிறவர் மகள் வீட்டுக்குப் போனவர் வரவில்லையாம், மறுநாள் அமாவாசையை எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லையாம். திருப்பூரில் போட்டிருக்கிறேன் என்றேன். "அப்ப வா." எனக்கு வேறு ஊர் போகிற யோசனை இருந்தது, அப்போது வடையில் மனம் போகவும் இல்லை. பார்க்கலாம்க்கா என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அடுத்த செஞ்சி பஸ்ஸுக்கு மதியம் தாண்டும்வரை காத்திருந்து, டீச்சரின் சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. அவர்கள் நயினார் வீட்டுக்காரர்கள், தமிழ் ஜைனர்கள், பொழுது இருக்கும்போதே சாப்பிட்டு முடிப்பவர்கள். சித்தி தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

கவரைப் பிரித்தேன். பேக் காய்ந்திருந்தது. கார்டு மூடி இறுகிப்போயிருந்ததால் சித்தியின் ஊக்கை வாங்கி நெம்பினேன். கார்டை எடுத்து லேப்டாப்பில் செருகினேன். முதல் தடவை தெரியவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடி செருகினேன். நான்கு ஃபைல்கள் இருந்தன.

முதல் இரண்டில் ஊதா நிறத்தில் புகை மூடியிருந்தது. மூன்றாவது, அந்த லேப்டாப்பில் எந்தப் படமும் திறக்கிற மாதிரி, மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கியது. முதல் வரி. இரண்டாம் வரி. நாங்கள் மூன்று பேரும் குனிந்திருந்தோம். மூன்றாம் வரி வந்தது. டீச்சர் கடைசிச் சொல்லின் முதல் எழுத்தைப் பெரிதாக்கினார், இன்னும் பெரிதாக்கினார். உடையவில்லை. உளி கல்லில் இறங்கிய பள்ளம், அதன் ஓரத்தில் நிழல், பாசியின் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக. வளைவு மேலே ஏறிச் சும்மா நின்றிருந்தது. போன் படத்தில் சுழி போலத் தெரிந்தது ஒரு பாசித் திட்டு. உளி அங்கே போகவே இல்லை.

"சுழி இல்லண்ணா" என்றார் டீச்சர் மெதுவாக. "சுழி இல்ல. ப-தான். பள்ளிதான்."

ஒரு முறை கத்துவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "சித்தி, பொழுது போயிடும், போடுங்க" என்று தட்டின்முன் உட்கார்ந்தார். எனக்கும் போட்டார்கள். சாப்பிடும்போதுதான் ஐஸ் பெட்டிக் கதையைச் சொன்னேன். "மருந்துன்னா நெனச்சாங்க?" என்று டீச்சர் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தும் நிறுத்த முடியவில்லை. சித்திக்கு எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியவில்லை, அவரும் சிரித்தார்.

சாப்பிட்ட பிறகு பேக்கை கேமராவில் மாட்டி, பேட்டரியைப் போட்டு அமுக்கினேன். விளக்கு எரியவில்லை. விசிறி சுற்றவில்லை. பேட்டரியை எடுத்துத் துடைத்துப் போட்டேன், வேறு மாதிரி அமுக்கினேன். ஒன்றும் இல்லை. சூடோ, ஐஸோ, அதற்கே போதும் என்று ஆகிவிட்டதோ, எனக்குத் தெரியாது. இதைச் சரிசெய்ய உலகத்தில் ஒரு ஆள் இருந்தாலும் அவனைத் தேடிப்போக எனக்கு வழி தெரியாது.

டீச்சர் பதறிவிட்டார். "ஐயோ, என்னாலதானே அண்ணா."

"இல்ல டீச்சர். குடுக்க வேண்டியதக் குடுத்துட்டுத்தான் போயிருக்குது."

அவரைச் சமாதானப்படுத்தச் சொன்னது அல்ல அது. கை காலி என்று தெரிந்த நேரத்திலிருந்து சுமந்த பாரம் ஒன்று இறங்கியது. அதோடு இன்னொன்றும் இறங்கியது. ஆறேழு வருடமாக எந்த வேலைக்குப் போனாலும் முதலில் பெட்டி வைக்க இடம் பார்த்தவன் நான். மழை பெய்தால் முதலில் அதைத்தான் மூடினேன், பிறகு என்னை. ஒரு பெட்டிக்காக நல்ல வேலை இரண்டை விட்டிருக்கிறேன். இனி வேண்டாம். பெட்டியும் முக்காலியும் இங்கேயே இருக்கட்டும் என்றேன். சித்தி பரணில் இடம் இருப்பதாகச் சொன்னார். தெருவில் இறங்கி நடந்தபோது தோள் பழக்கத்தில் ஒரு பக்கமாகவே சாய்ந்து போனது. நேராக நடக்கக் கோட்டை ரோடு வரை ஆயிற்று.

மறுநாள் காலை முதல் வெளிச்சத்தில் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். திண்டிவனம் பஸ்ஸும் இருந்தது, திருவண்ணாமலை பஸ்ஸும் இருந்தது. மேல்மலையனூர் சிறப்புப் பஸ்ஸில் நிற்க இடமில்லை. அதில் ஏறினேன். கூட்டுரோட்டில் கடையைச் சுற்றி மூன்று வரிசையில் ஆட்கள். எண்ணெய் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. அக்கா ஒரு கையால் டீ ஆற்றிக்கொண்டு இன்னொரு கையால் வடை தட்டிக்கொண்டிருந்தார். பாதி வடை கருகியிருந்தது. என்னைப் பார்த்து வா என்றுகூடச் சொல்லவில்லை, கரண்டியை நீட்டினார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தீயைக் குறைத்து, மாவில் கை வைத்தேன்.

"வெங்காயம் எங்கக்கா?"

"அமாவாசையும் அதுவுமா வெங்காயம் கேக்குது பாரு. அப்டியே போடு. சின்னதா போடு."

சின்னதாகத் தட்டி முதல் ஈட்டைப் போட்டேன்.